நாள்களை எண்ணிப் பாருங்கள்



அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவில் பாடம் முடித்து எழுந்த ஒரு மாலையில், எங்கள் தரங்கம்பாடியைச் சேர்ந்த இளம் சகோதரி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "லாத்தா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மாமிக்குத் தெரிய வேண்டாம்" என்றார். நிக்காஹ் நடந்து ஆறு ஆண்டுகள். கணவர் வளைகுடாவில் பணிபுரிகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுமுறை. மூன்று விடுமுறைகள் வந்து போயின, குழந்தைப்பேறு வாய்க்கவில்லை. வீட்டில் இரண்டாம் நிக்காஹ் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது.

"பதினான்காம் நாளில்தான் கரு உண்டாகும் என்று சொன்னார்கள். அந்த நாளைத்தான் நம்பியிருந்தோம்" என்று கூறிக் கண் கலங்கினார். அவருக்கு மாதவிடாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டேன். முப்பத்தைந்து நாள், சில வேளை ஒரு நாள் முன்பின் என்றார். அவருடைய துயரத்தின் ஒரு பகுதி அந்த எண்ணிலேயே அடங்கியிருந்தது.

நான் வரலாறு படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றவள், மருத்துவம் படித்தவள் அல்லள். ஆயினும், மார்க்கத்தை அறிந்துகொள்வதில் வெட்கம் தங்களைத் தடுக்க இடம்கொடாத அன்ஸாரிப் பெண்மணிகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள் என்று பாடம் நடத்துகிற நாம், இத்தகைய கேள்விக்கு வாய் மூடியிருப்பது முறையன்று. எனவே, மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் தெளிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு இதை விளக்க நெற்பயிரே போதும். குறுவைக்கு நடும் ஏடிடீ 36 ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வரும். சம்பாவுக்கு நடும் சிஆர் 1009 என்ற பொன்மணிக்கு 155 நாள் வரை வேண்டும். இரண்டிற்கும் இடையே இத்தனை வேறுபாடு இருந்தும், கதிர் பூத்த பின் அறுவடைக்கு ஆகும் காலம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரு மாதமே. கூடுவதும் குறைவதும் பூப்பதற்கு முன்னுள்ள வளர்ச்சிக் காலந்தான். எனவே, பூக்கும் நாளை அறிய விரும்புகிறவர் அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்.

பெண்ணின் உடலும் இவ்வாறே. சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிப்படும் நாளுக்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடையே ஏறத்தாழ பதினான்கு நாள்கள். அதற்கு முன்னுள்ள காலமே பெண்ணுக்குப் பெண் மிகுதியாக வேறுபடுகிறது. ஜப்பான் நாட்டு மருத்துவர் ஓகினோ 1924-ஆம் ஆண்டிலேயே, அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள்கள் முன்பாகக் கருமுட்டை வெளிப்படுகிறது என்று எழுதினார். ஆகவே, பதினான்காம் நாள் என்ற கணக்கு 28 நாள் சுழற்சி உடையவர்களுக்கு மட்டுமே ஏறத்தாழப் பொருந்தும். 24 நாள் சுழற்சி உடையவருக்கு அது பத்தாம் நாளை ஒட்டியும், 35 நாள் சுழற்சி உடையவருக்கு இருபத்தொன்றாம் நாளை ஒட்டியும் அமையும். நம் சகோதரி ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு வாரம் முந்திய நாளையே நம்பியிருந்தார்.

வெளிப்பட்ட கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் உயிர்த்திருப்பதில்லை. ஆணின் உயிரணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிர்த்திருக்கக்கூடும். அமெரிக்காவில் 221 பெண்களைக் கொண்டு நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கருமுட்டை வெளிப்பட்ட நாளும் அதற்கு முந்திய ஐந்து நாள்களும் ஆகிய ஆறு நாள்களில் கூடியவர்களே கருவுற்றார்கள் என்று கண்டார்கள். அதற்கு மறுநாள் கூடியதால் கரு உண்டாகவில்லை. ஒரே நாளைக் குறிவைப்பதைவிட, அந்நாள்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாளேனும் இல்லறம் நடத்துவதே மேல் என்பது இதனால் விளங்கும்.

அந்த நாள்களை அறிவது எவ்வாறு?

முதலாவது, குறித்து வைத்தல். தொழுகைக்கும் நோன்புக் களாவுக்கும் ஹைளுடைய நாள்களை எண்ணுவது நம் பெண்களுக்குப் பழக்கமானதே. தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டு ஆறு மாதம் எழுதிவாருங்கள். அவற்றுள் மிகக் குறைந்த சுழற்சியிலிருந்து 18-ஐயும், மிக நீண்ட சுழற்சியிலிருந்து 11-ஐயும் கழியுங்கள். நம் சகோதரிக்கு அவை 34, 36 என்றிருந்தன. அதன்படி 16-ஆம் நாள் முதல் 25-ஆம் நாள் வரை அவருக்குக் கருவுறும் வாய்ப்புள்ள காலம். பதினான்காம் நாள் அதற்குள் வரவே இல்லை.

இரண்டாவது, உடல் காட்டும் அடையாளம். கருமுட்டை வெளிப்படுவதற்குச் சில நாள் முன்பு வெள்ளைப்படுதல் தெளிவாகவும் வழுவழுப்பாகவும் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல நீளக்கூடியதாகவும் மாறும். இதை நோய் என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. துர்நாற்றமும் அரிப்பும் இல்லாதவரை இது இயல்பானதே.

மூன்றாவது, உடல் வெப்பம். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் தெர்மாமீட்டரில் பார்த்தால், கருமுட்டை வெளிப்பட்ட பின் வெப்பம் சிறிது கூடியிருக்கும். ஆனால் நடந்து முடிந்ததையே இது தெரிவிக்கும். அடுத்த மாதத்திற்குத்தான் உதவும்.

நான்காவது, மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனை அட்டை. அது சாதகமாகக் காட்டினால் ஏறத்தாழ ஒன்றரை நாளுக்குள் கருமுட்டை வெளிப்படும் என்று கொள்ளலாம். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இது தவறாகக் காட்டக்கூடும். அவர்களுக்கு மருத்துவர் ஸ்கேன் மூலம் பார்த்துச் சொல்வதே நம்பத்தக்கது.

மார்க்கம் சார்ந்த ஒரு சந்தேகத்தையும் தீர்க்க வேண்டும். விடுமுறை ரமளானில் அமைந்தால் அம்மாதம் முழுவதும் விலகியிருக்க வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நோன்பின் பகல் வேளையில்தான் தடை; இரவு அனுமதிக்கப்பட்டது என்பது குர்ஆனிலேயே தெளிவாக உள்ளது.

நம் கடற்கரைக்கு இந்த ஏக்கம் புதிதன்று. 26.12.2004 அன்று ஆழிப்பேரலை வந்தபோது தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் ஏராளம். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பின் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்குத் தமிழக அரசு உதவியது. குழாயை இணைத்தாலும் கரு நிச்சயம் என்பதில்லை. கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே, அத்தகையோர் நாள் தள்ளியதுமே மருத்துவரிடம் செல்வது அவசியம்.

நாள்களைச் சரியாக எண்ணிய பின்பும் ஓராண்டு வரை கருவுறாவிட்டால் மருத்துவரை நாடுங்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலும், மாதவிடாய் ஒழுங்கற்றவர்கள் அதற்கு முன்பும் செல்லலாம். செல்லும்போது இருவரும் செல்லுங்கள். குறை ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஆணுக்குரிய விந்துப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. அதைச் செய்யாமலே மருமகளை மலடி என்று சொல்லும் நாவுகள் நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆண்களே, மகனைப் பெற்ற தாய்மார்களே, இதைச் சிந்தியுங்கள்.

முதுமையில் பிள்ளை கேட்டு துஆச் செய்த ஜகரிய்யா நபி (அலை) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கேட்பதும் முயல்வதும் நம் கடமை. கொடுப்பது அவன் நாட்டம். குழந்தை இல்லாததால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கண்ணியம் குறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.

அந்தச் சகோதரி கணவரிடம் தொலைபேசியில் பேசினார். தாம் சோதனை செய்துகொள்வதாகவும், விடுமுறையை அவருடைய நாள்களைப் பார்த்து எழுதிக் கேட்பதாகவும் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். விடுமுறைக்கு இன்னும் மாதங்கள் உள்ளன. அவருக்காகவும், அவரைப் போன்று காத்திருக்கும் எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.