அறிவிப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தி நாளிதழ்களில் வரும். 1865-இல் கல்கத்தா துறைமுகத்துக்கெனத் தொடங்கிய புயல் எச்சரிக்கை முறை மற்ற துறைமுகங்களுக்கும் பரவி, இன்று 11 எண்கள் கொண்டதாக இருக்கிறது. ஒன்று முதல் பத்து வரை புயலின் தொலைவையும் கடுமையையும் சொல்பவை. பதினொன்று வேறு வகை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருக்கலாம் என்பதே அதன் பொருள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி பதினொன்றாம் எண்ணின் நிலையில்தான் இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. மின்சாரம் இல்லை, பல இடங்களில் செல்பேசியும் வேலை செய்யவில்லை. எந்தச் சாலை அறுந்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு கிடைக்கிறது, பிரசவ வலி கண்டவளை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதெல்லாம் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாமல் போயிற்று. அதற்கு முன்பு 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டை அடுத்து இங்கே இணையத்தை அரசே துண்டித்தது. வதந்திக்கு இணையம் வேண்டியிருக்கவில்லை. அது தன் பாட்டுக்கு நடந்தது.

இத்தகைய நாள்களில் வேலை செய்யக்கூடியது பேட்டரியில் ஓடும் வானொலிப்பெட்டி. ஆனால் அதில் தருவைகுளத்துக்கும் திரேஸ்புரத்துக்கும் முத்தையாபுரத்துக்கும் வேண்டிய தகவலைச் சொல்ல, பக்கத்திலேயே ஒரு நிலையம் வேண்டும். திருநெல்வேலி வானொலி பல மாவட்டங்களுக்குச் சேர்த்துப் பேசுகிறது. தனியார் பண்பலைகளுக்கு விளம்பர நேரமே வருமானம். மிஞ்சுவது கல்லூரி வளாகத்திலிருந்து மாணவர்கள் நடத்தும் சமுதாய வானொலி.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி முதல் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாக வானொலி. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. ஒலிபரப்புத் திறன் 100 வாட்; கேட்கும் எல்லை பத்துப் பதினைந்து கிலோமீட்டர். ஓர் ஊரும் அதன் கடற்கரையும் அதற்குள் அடங்கும்.

இந்த நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அதே விதிமுறை, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், உடல்நல எச்சரிக்கை போன்றவை பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் பொது அறிவிப்புகளைச் செய்தி என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தச் சலுகையில் என் கண் நிற்பது 'தரும்' என்ற இடத்தில். நிலையத்துக்குக் கிடைத்திருக்கும் இந்த உரிமை, யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உயிர் பெறும். குழாய் உடைந்து மூன்று நாள் தண்ணீர் வராது என்பதை மாணவர் கண்ணால் பார்த்தாலும், மாநகராட்சி எழுதித் தராதவரை அதை அறிவிக்கத் தயங்குவார். அவர் தயக்கத்தில் தவறில்லை.

கொடுப்பவர்கள் இருக்கிறார்களா? டெல்லியிலிருந்து வருகிறது. அமைச்சகங்களின் பிரசார விளம்பரங்கள், பத்து விநாடிக்கு 74 ரூபாய் வீதம், ஒலிப்பதிவாகவே வந்துசேர்கின்றன. மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 2024-இல் 12 நிமிடமாகக் கூடியது. மின்கட்டணம் கட்டவே திணறும் நிலையத்துக்கு அந்தக் காசு தேவை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே குரலில் பதிவான கைகழுவும் அறிவுரையைப் போடத் தூத்துக்குடியில் ஒரு நிலையம் வேண்டியதில்லை. உப்பளத் தொழிலாளருக்கான மழைக்கால நிவாரணத்துக்கு எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதை யாரும் எழுதி அனுப்புவதில்லை. அலுவலகச் சுவரில் ஒட்டுகிறார்கள். விடியுமுன் பாத்திக்குப் போகும் பெண் அந்தச் சுவரை எப்போது படிப்பாள்?

ஆட்சியர் அலுவலகப் பத்திரிகைக் குறிப்பை அப்படியே அனுப்பிவைப்பதும் பயன்படாது. காதால் கேட்பவருக்கு எழுதுவது தனி வேலை. 'மன்னார் வளைகுடாவிலும் அதையொட்டிய குமரிக்கடல் பகுதியிலும் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்' என்று மீன்வளத் துறை வழியாக வானிலைக் குறிப்பு வருகிறது. ஒரு மாணவி அதை இப்படி மாற்றலாம்: 'திரேஸ்புரம், தருவைகுளம் வள்ளக்காரர்களே, நாளை வியாழக்கிழமை கடலுக்குப் போக வேண்டாம். காற்று 65 கிலோமீட்டர் வரை அடிக்கும். கரையில் கிடக்கும் வள்ளத்தை மேலே ஏற்றிக் கட்டுங்கள். மீன்வளத் துறை சொல்லியிருக்கிறது.' இருபது விநாடிதான். யாருக்கு, என்றைக்கு, என்ன செய்ய வேண்டும், யார் சொல்கிறார்கள் என்ற நான்கும் வந்துவிட்டன. எப்போது நிறுத்துவது என்ற ஐந்தாவதை அறிவிப்பைக் கொடுப்பவர் தாளிலேயே எழுத வேண்டும். முடிந்துபோன மருத்துவ முகாமுக்கு ஒரு கிழவியை வரவழைத்த நிலையத்தை அவர் மறுபடி நம்ப மாட்டார்.

இந்தக் கரைக்கு அறிவிப்பின் இலக்கணம் புதிதில்லை. இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்ட தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. இறந்தவர் பெயர், ஊர், உறவுகள், அடக்கம் எங்கே, எப்போது என்ற வரிசை பிசகாது. குடும்பத்தார் எழுதிக் கொடுத்ததை நிலையம் நிதானமாக வாசித்தது. அக்கரையில் போன உயிரின் செய்தி இக்கரைக்குச் சரியாக வந்துசேர்ந்தது.

பக்கத்திலேயே நல்ல முன்மாதிரியும் உண்டு. 2016 ஆகஸ்ட் 15-இல் பாம்பனில் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசை 90.4, காற்றையும் கடலையும் பற்றிக் கடல்புறத்துப் பேச்சிலேயே பேசுகிறது. இன்னும் பின்னால் போனால், 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை, புதுச்சேரியின் நல்லவாடு கிராமம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையத்திலிருந்து அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், மக்கள் மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் கூவி ஊரைக் காலி செய்தார்கள். கையில் வந்த தகவலை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே பழகியிருந்தது. பேரிடர் நாளில் கற்றுக்கொடுக்க நேரம் இருக்காது.

அதனால் பழக்கம் சாதாரண நாள்களில் தொடங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கடலட்டை பிடித்தால் வரும் வழக்கு, சங்கு குளிப்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சி முகாம், இரத்த தானம், பனிமய மாதா திருவிழாவில் வண்டிகள் போகும் மாற்றுப்பாதை என்று வாரந்தோறும் வந்துகொண்டிருக்க வேண்டும். நிலையத்தின் வாசலில் தமிழில் ஒரு பக்கப் படிவம் போதும். வாட்ஸப் குரல்பதிவையும் ஏற்க வேண்டும். எழுதத் தயங்கும் மீன்விற்கும் பெண்கள் சங்கத்துக்கு அதுதான் எளிது. கட்டணம் கூடாது. ஒரு வாரம் முன்னதாகத் தர வேண்டும், அவசரத்துக்கு மட்டும் விலக்கு. கட்சிக்கும் கடைக்கும் இடமில்லை என்று படிவத்திலேயே இருக்கட்டும். 'இலவசக் கண் பரிசோதனை' என்று வந்து கண்ணாடிக்கடை பெயரை மூன்று முறை சொல்லும் அறிவிப்பைத் திருப்பியனுப்பும் துணிவு மாணவருக்கு வேண்டும். ஆசிரியர் அவர் பின்னால் நிற்க வேண்டும். கொடுத்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதி செய்யாமல் எதுவும் ஒலிபரப்பாகக் கூடாது. பொய்யான புயல் அறிவிப்பு ஒன்றே போதும், நிலையத்தின் பெயர் கெட.

வரம்புகளை மறைக்க வேண்டாம். தூத்துக்குடியில் வைக்கும் 100 வாட் நிலையம் முப்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் காயல்பட்டினத்தை எட்டாது. அங்கேயும் ஒன்று வேண்டும். இன்றைய திறன்பேசிகள் பலவற்றில் பண்பலை கிடையாது. அதைச் சேர்க்கும்படி மத்திய அரசு 2023-இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது, அறிவுரையோடு நின்றது. மின்சாரம் போனால் நிலையமும் நின்றுவிடும் என்பார்கள். இவ்வளவு சிறிய ஒலிபரப்பிக்கு ஒரு ஜெனரேட்டரும் இரண்டு நாள் டீசலும் போதும்; அதைப் பேரிடர் நிதியில் வாங்கித் தர மாவட்ட நிர்வாகத்தால் முடியும்.

1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி இங்கே இருக்கிறது. வ.உ. சிதம்பரம் கல்லூரியும் தூய மரியன்னை கல்லூரியும் இருக்கின்றன. ஒலிபரப்பவும் எழுதவும் மாணவர்களுக்குக் குறைவில்லை. மீன்வளத் துறை, மாநகராட்சி, மின்வாரியம், ஆரம்ப சுகாதார நிலையம், துறைமுகம் ஒவ்வொன்றும் பெயர் குறிப்பிட்டு ஓர் ஆளை நியமித்து, மாலை நான்கு மணிக்குள் மறுநாளுக்கான அறிவிப்பைச் சமுதாய வானொலிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆட்சியர் ஓர் உத்தரவு போடலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. அக்டோபருக்கு முன் வந்தால் நல்லது.