ஊசிக்கு முன் சிறுநீர்

“குதிரைக்கு நீர் அடைச்சுக்கிச்சு டாக்டர், உடம்பை நீட்டி நீட்டி முக்குது.” லாயத்திலிருந்து வரும் இந்த அழைப்பு பெரும்பாலும் வயிற்றுவலியில்தான் போய் முடிகிறது. குடல் வலிக்கும் குதிரையும் அப்படித்தான் நிற்கும். ஆனால் பையிலிருந்து முதலில் வெளியே வருவது ஃப்யூரோசமைடு. ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பில் அது இன்னும் நீரைக் கறக்கும். மெய்யாகவே கல் அடைத்திருந்தால், வழியில்லாத சிறுநீர்ப்பையை மேலும் நிரப்பும்.

மலக்குடல் வழியாகக் கைவிட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும். சிறுநீர்ப்பைக் கல் பல நேரம் மணிக்கட்டு நுழையும் ஆழத்திலேயே தட்டுப்படும். ஓட்டத்துக்குப் பின் சிறுநீரில் இரத்தம் என்றால், அதிலும் ஆண்குதிரை என்றால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த குழப்பம் ஆய்வக அறிக்கையில். குதிரையின் சிறுநீர் இயல்பிலேயே கழுநீர்போல் கலங்கி, கோழையோடு வரும். கால்சியம் கார்பனேட் படிகங்கள் அதில் இருந்தே தீரும். காரத்தன்மை மிகுந்திருப்பதால் சோதனைப் பட்டை இல்லாத புரதத்தையும் காட்டும். இவற்றைப் பார்த்து ‘தொற்று’ என்று எழுதி ஆன்டிபயாடிக் தொடங்குவது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. குதிரைக்குச் சிறுநீர்ப்பைத் தொற்று தானாக வருவது அபூர்வம். வந்தால் பின்னால் கல்லோ, செயலிழந்த பையோ இருக்கும். பச்சைச் சோளத்தையே நெடுநாள் தின்ற குதிரை பின்னங்கால் தள்ளாடிச் சிறுநீர் சொட்டவிட்டால், தீவனத்தை மாற்றாமல் எந்த மருந்து கொடுத்தும் பயனில்லை. மாட்டுக்கு வெட்டிய தட்டையில் ஒரு கட்டு குதிரைக்கும் போகும் ஊர்களில் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

சிவந்த சிறுநீரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மையவிலக்கில் சுற்றினால் சிவப்பு அடியில் படிவது இரத்தம். படியாவிட்டால் பிளாஸ்மாவைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருந்தால் ஹீமோகுளோபின், தெளிவாக இருந்தால் தசை சிதைந்து வரும் மயோகுளோபின். கழிக்கும்போது சிவப்பு கடைசியில் மட்டும் வந்தால் சிறுநீர்ப்பை மேல் சந்தேகம் கொள்ளலாம். லாயக்காரர் இதையெல்லாம் கவனித்திருப்பார், நாம் கேட்பதில்லை.

சிறுநீரகத்துக்கு வருவோம். நொண்டும் குதிரைக்கு ஃபினைல்பியூட்டசோன், காய்ச்சலுக்கு ஜென்டாமைசின், குடிப்பதோ அரை வாளித் தண்ணீர்: இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. கிரியேட்டினின் ஏறும்வரை காத்திருந்தால், செயல்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். நீர் வற்றிய குதிரையின் சிறுநீர் ஒப்படர்த்தி 1.020-க்குக் கீழே இருப்பதே அதற்கு முன்னதான எச்சரிக்கை. ஒரு கையடக்க ஒளிவிலகல்மானி இதைக் கொட்டிலிலேயே சொல்லிவிடும். ஆனால் சைலசினோ ஃப்யூரோசமைடோ போட்டபின் பிடித்த சிறுநீர் எப்படியும் நீர்த்துத்தான் இருக்கும். சைலசின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.