வேவ்டேஷ்: கால் நொடி சறுக்கலும் ஒரு கன்ட்ரோலர் சண்டையும்

2001-ல் நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ இன்றும் போட்டிகளில் ஆடப்படுகிறது. அந்த வட்டாரத்தில் இப்போது ஓடும் பெரிய வாக்குவாதம் விளையாட்டைப் பற்றியது இல்லை. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரைப் பற்றியது.

முதலில் அடிப்படை. எதிராளியை அடித்து மேடைக்கு வெளியே தள்ளணும், அவ்வளவுதான். ஹெல்த் பார் கிடையாது; வாங்கிய அடி கூடக்கூட, அடுத்த அடியில் தூரமாகப் பறப்பீர்கள். அதனால் எங்கே நிற்கிறோம் என்பதே பாதி ஆட்டம்.

இங்கேதான் வேவ்டேஷ் வருது. குதித்து, கால் தரையை விட்ட அடுத்த கணமே கீழ்நோக்கிச் சாய்வாக ஏர் டாட்ஜ் செய்தால், கதாபாத்திரம் தரையில் சறுக்கிக்கொண்டு போகும். சறுக்கும்போதும் விளையாட்டின் கணக்கில் அது ‘நிற்கிறது’. ஆகவே நின்றபடி அடிக்கும் எந்த அடியையும் அடிக்கலாம். முகத்தை எதிராளி பக்கம் வைத்தபடியே பின்வாங்கலாம். அவர் அடி காற்றில் வீணானதும் திருப்பிக் கொடுக்கலாம். தரைப் பிடிப்பு குறைவான லூய்ஜிதான் இதில் ரொம்ப தூரம் போவார்.

சொல்றது சுலபம். மெலீ நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும். ஃபாக்ஸ் குதிக்கத் தயாராக 3 ஃப்ரேம். நாலாவதில் டாட்ஜ் விழணும். முந்தினால் அது பதிவாகாது. கொஞ்சம் பிந்தினால் சறுக்கல் தள்ளிப்போகும். மொத்தமே சுமார் கால் நொடி வேலை. இதை ஒரு மேட்சில் திரும்பத் திரும்பச் செய்யணும்.

(2008-ல் வந்த ‘பிரால்’ இதை எடுத்துவிட்டது. போதாததற்கு, ஓடும்போது தானாகத் தடுக்கி விழும் வசதி வேறு! மெலீக்காரர்கள் பலர் பழைய ஆட்டத்தை விடவே இல்லை.)

விலை கொடுத்தது விரல்களும் மணிக்கட்டும். கைவலியால் ஆட்டத்தைக் குறைத்தவர்கள் உண்டு. அறுவை சிகிச்சை வரை போன நியூயார்க் வீரர் ஒருவர், ஸ்டிக்கே இல்லாத, முழுக்கப் பட்டன்களால் ஆன கன்ட்ரோலரை உருவாக்கினார். இந்த வகைக்கு ‘பாக்ஸ்’ என்று பெயர். கை மேஜை மேல் இருக்கும். கட்டைவிரல் ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டாம்.

சிக்கல் என்னன்னா, ஸ்டிக் இடமிருந்து வலம் போக நேரம் எடுக்கும். பட்டனுக்கு அந்த நேரமே இல்லை. கோணமும் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக விழும். ‘இது சிகிச்சையா, சலுகையா?’ என்று ஸ்டிக் ஆட்டக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆனா ஸ்டிக் பக்கமும் சுத்தம் இல்லை. கோணம் சரியாக உட்கார, ஸ்டிக்கைச் சுற்றிய விளிம்பில் பள்ளம் செதுக்குகிறார்கள். திரும்பி ஓடும்போது ஸ்டிக் ஒரு ஃப்ரேம் நடுவில் மாட்டினால் ஓட்டம் வராது. அதைச் சரிசெய்ய யுசிஎஃப் என்ற மென்பொருள் போட்டிகளில் சகஜம். எல்லாரும் ஏதோ ஒன்றை மாற்றித்தான் ஆடுகிறார்கள் எனும்போது, பாக்ஸைத் தடை செய்வது சரியாகப் படவில்லை. கைவலிக்காரரை வெளியே அனுப்புவதுதான் அதன் அர்த்தம்.

நடுவழியாக ஒரு யோசனை இருக்கிறது: ஸ்டிக் பயணிக்கும் நேரத்துக்கு ஈடாக, பாக்ஸின் உள்ளேயே சின்னத் தாமதத்தை வைப்பது, சில கோணங்களை மூடுவது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லா பாக்ஸும் ஒன்றுதான். சனிக்கிழமை காலை வரிசையில் நிற்பவர்களின் பெட்டிக்குள் எந்த மென்பொருள் ஓடுகிறது என்று யார் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது?