கணு வேறு, கட்டி வேறு!

நெஞ்சைக் கணினிப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர் ‘நாட்யூல்’ என்பார். அருகில் நிற்பவர் அதனை ‘நுரையீரலில் கட்டி’ என்று பெயர்த்துரைப்பார். கேட்ட நோயர் அப்பொழுதே அரையுயிர் ஆகிவிடுகின்றார். இப் பெயர்ப்பே பிழை. 30 மி.மீ. அளவிற்கு மேற்படாத உருண்டை நிழலையே மருத்துவ நூல் அச் சொல்லாற் குறிக்கின்றது. அதனினும் பெரியதற்கு வேறு பெயர் உண்டு. கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் கணு என்னும் சொல் சிறியதற்குச் சாலப் பொருந்தும். பெரியதைக் கட்டி என்க. இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. கட்டி என்று கேட்ட அச்சத்தால் வேண்டாத அறுவைக்கு உடன்படுவாரும் உளர். மருத்துவமனைப் பக்கமே திரும்பாதாரும் உளர்.

கணுக்களிற் பெரும்பாலன புற்று அல்ல. ஆறிப்போன எலும்புருக்கி நோயின் தழும்பும் கணுவாய்த் தோன்றும். நம் நாட்டில் இது மிகுதி. புகைப்பழக்கம் மிக்க 53,454 அமெரிக்கரைக் கொண்டு நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், கணினிப் படம் ஐயத்திற்குரியதாகக் காட்டியவற்றுள் 96 விழுக்காடு புற்றாக இல்லை. ஆயினும், அவ்வாறு படமெடுத்துத் தேடியதனால் நுரையீரற் புற்றுச் சாவு 20 விழுக்காடு குறைந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று. ஆகலின் புறக்கணிக்கவும் வேண்டா. 6 மி.மீ.க்குக் குறைந்த திண்கணுவாயின், புகை முதலிய இடர் இல்லாதார்க்கு மீண்டும் மீண்டும் படமெடுத்தல் தேவையில்லை என்பது 2017-இல் பிளைசுனர் கழகம் வகுத்த நெறி.

பெரிய கணுவில் ஐயம் மிகின், துணுக்கெடுத்து ஆராய்தல் வேண்டும். இதற்காக மார்பைத் திறந்த காலமும் இருந்தது. இன்று, விலாவிடையே ஊசி செலுத்தலாம். அன்றி, வாய்வழியே மூச்சுக்குழலுள் வளைகுழலை விடலாம். 1897-இல் செருமானியராகிய கில்லியன், உழவர் ஒருவரின் மூச்சுக்குழலிற் சிக்கிய பன்றியெலும்பை விறைத்த குழலொன்றால் எடுத்தார். 1960-களில் சப்பானியராகிய இக்கேடா அக் குழலை வளையச் செய்தார். இப்பொழுதோ நுரையீரலின் கிளைவழிகளைக் கணினி வரைந்துகாட்டிக் குழலைக் கணுவரை நடத்துகின்றது! 10 முதல் 30 மி.மீ. வரையுள்ள கணுக்களில் இவ்விரு வழிகளையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2025-இல் வெளிவந்தது. உண்மை காண்பதிற் குழல் ஊசிக்குத் தாழவில்லை. நுரையீரலினின்று காற்றுக் கசிந்தமையோ ஊசியால் 28 விழுக்காடு, குழலால் 3 விழுக்காடே. ஆனால் இக் கருவி விலைமிக்கது. நெஞ்சின் ஓரத்தே, ஊசிக்கு எளிதில் எட்டும் கணுவிற்கும் இதனையே காட்டிப் பொருள் பறிப்பதை யாம் ஒப்போம்.

புற்றென்று உறுதியானாலும் விலாவை விரித்தறுத்தல் ஒன்றே வழி அன்று. சிறு துளைகளின் வழியே ஒளிக்குழல் செலுத்தி அறுக்கலாம். நுரையீரலின் புறப்பகுதியில் 20 மி.மீ.க்கு மேற்படாத புற்றுள்ளாரைப் பற்றிச் சப்பானியர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மடலின் ஒரு கூற்றை மட்டும் அகற்றப்பெற்றாருள் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டின் பின்னும் உயிர்வாழ்ந்தனர். மடல் முழுதும் அகற்றப்பெற்றாருள் 91 விழுக்காட்டினர். அறுவை தாங்காத முதியோர்க்குக் குறிபார்த்துக் கதிர் பாய்ச்சும் பண்டுவமும் உண்டு.

இத்துணை வழிகள் இருக்க, ஆங்கிலத்தில் அறிக்கையை நீட்டி, தமிழரிடம் ஒப்பக் கையெழுத்தை மட்டும் வாங்குவது முறையா? கணு எத்தனை மி.மீ., பழைய படத்தில் இருந்ததா, வளர்ந்துள்ளதா, ஏன் ஊசி, ஏன் குழல் என்பவற்றைத் தமிழில் நான்கு வரி எழுதித் தரக் கால் நாழிகையும் ஆகாது.