நடுக்கடையைக் கேட்டோமா?



கணக்குத் தெரியாத வியாபாரி கிடையாது. கல்லாவில் உட்கார்ந்து பழகியவருக்குக் கூட்டலும் வகுத்தலும் மூச்சு விடுவதைப் போல வரும். அப்படிப்பட்ட நாமே ஒரு சாதாரணக் கணக்கில் அடிக்கடி இடறி விழுகிறோம். அது சராசரிக் கணக்கு. அண்மையில் எங்கள் கடைவீதியில் நடந்த ஒரு கூட்டம்தான் இதை எழுதத் தூண்டியது.

வீதிக்குக் கண்காணிப்பு கேமரா பொருத்துவது என்று முடிவாயிற்று. செலவு 55,000 ரூபாய். வீதியில் 11 கடைகள். ஒவ்வொரு கடையின் நாள் விற்பனையையும் கேட்டு எழுதினார்கள். 3,000, 3,500, 4,000, 4,000, 4,500, 5,000, 5,500, 6,000, 7,000, 12,500, 55,000 ரூபாய். மொத்தம் 1,10,000. பதினொன்றால் வகுத்தால் சராசரி 10,000. "பத்தாயிரம் ரூபாய் வியாபாரம் நடக்கும் கடைக்கு அரை நாள் விற்பனை ஒரு பாரமா? கடைக்கு 5,000 ரூபாய் போட்டுவிடுவோம்" என்றார் ஒரு நண்பர். கணக்கு சரியாக இருந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தோம். பத்தாயிரம் ரூபாய் விற்கும் கடை என்று வீதியில் ஒன்றுகூட இல்லை. ஒன்பது கடைகள் அதற்குக் கீழே, இரண்டு கடைகள் மேலே. வரிசையாக எழுதி நடுவில் நிற்கும் ஆறாவது கடையைப் பார்த்தால் அதன் விற்பனை 5,000 ரூபாய்தான். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இந்த நடு எண்ணுக்கு இடைநிலை அளவு என்று பெயர். அந்த நடுக்கடைக்காரருக்கு நாம் போட்டது அரை நாள் விற்பனை அல்ல, முழு நாள் விற்பனை. சில்லறை மளிகையில் நூற்றுக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அது அவருடைய பத்து நாள் உழைப்பு. அவரும் தலையசைத்தாரே என்றால், பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் என் வியாபாரம் சிறியது என்று எழுந்து நின்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சராசரியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக் கொண்டு போனது 55,000 ரூபாய் விற்கும் அந்தப் பதினோராவது கடை. அது எங்கள் கடை.

சராசரியின் இயல்பு அதுதான். ஒரு பெரிய எண் வந்து சேர்ந்தால் மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்துவிடும். நடு எண் அப்படி இழுபடாது. எங்கள் கடை நாளை ஒரு லட்சம் விற்றாலும் நடுக்கடை அதே 5,000 ரூபாயில்தான் நிற்கும்.

இது சங்க நிதியோடு போகிற விஷயமும் அல்ல. கணினியில் பில் போடத் தொடங்கியபின் சராசரி என்பது ஒரு பொத்தானில் வந்து விழுகிறது. எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு தம்பி, புதிதாகக் கடை வைத்தவர், ஜனவரி மாத வெல்ல விற்பனையைப் பார்த்தார். 31 நாளில் 750 கிலோ, நாள் சராசரி 24 கிலோ என்றது கணினி. பிப்ரவரிக்கு 30 கிலோ சிப்பமாக 22 சிப்பம் எடுத்துப் போனார். ஆனால் அந்த 750 கிலோவில் 480 கிலோ பொங்கலை ஒட்டிய நான்கே நாளில் விற்றது. மற்ற 27 நாளும் பத்துப் பத்துக் கிலோதான். நடுநாளைப் பார்த்திருந்தால் பத்துச் சிப்பம் போதும் என்று தெரிந்திருக்கும். மிச்சம் பன்னிரண்டு சிப்பம் வெயில் ஏறியதும் இளகி, நிறம் மங்கி, அடக்க விலைக்கும் கீழே போயிற்று. அவர் கேட்டதும் மகிழ்ந்து வண்டியில் ஏற்றி அனுப்பியது நாங்கள்தான். அந்த நஷ்டத்தில் எங்கள் மௌனத்துக்கும் பங்கு உண்டு.

கடன் விஷயத்தில் எங்கள் தவறு இதைவிடப் பெரியது. பதினைந்து நாளுக்குள் பணம் தருகிறவருக்கே கடன் என்பது எங்கள் கடை வழக்கம். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் ஒன்பது பில்களைக் கணக்குப் பார்த்தோம். பணம் வர எடுத்த நாட்கள் 9, 10, 8, 10, 11, 10, 9, 10, 85. சராசரி 18 நாள். ரொக்கம் தந்தால்தான் சரக்கு என்று சொல்லிவிட்டோம். அவர் கோபிக்கவில்லை. "அண்ணாச்சி, எட்டு பில்லுக்கு நான் எப்படி நடந்தேன்னு பாக்கலியா? ஒரு பில்லைத்தான் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு பில் அவர் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த சமயத்தது என்று பிறகு தெரிந்தது. நடு எண் 10 நாள். அதைப் பார்த்திருந்தால் அவரை இழந்திருக்க மாட்டோம். இன்று வேறு மண்டியில் சரக்கு எடுக்கிறார், அங்கும் பத்து நாளில் பணம் கட்டுகிறார்.

அப்படியானால் சராசரியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. வாடகையும் சம்பளமும் வட்டியும் மொத்த வரவிலிருந்து போகின்றன. சராசரியை நாட்களால் பெருக்கினால் மொத்தம் வரும், நடு எண்ணைப் பெருக்கினால் வராது. மாதச் செலவுக்குத் திட்டம் போட, பாங்கு வட்டி எவ்வளவு ஏறும் என்று பார்க்க, சராசரிதான் வேண்டும். எட்டு சிறிய பில்லை ஏழு நாளில் கட்டிவிட்டு, இரண்டு லட்ச ரூபாய் பில்லை மட்டும் இழுத்தடிப்பவரும் உண்டு. அவருக்கு நடு எண் நற்சான்று கொடுத்துவிடும். முதலைத் தின்பது அந்த ஒரு பில்தான். ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் கவலையில்லை. தூரத் தூர நின்றால், எங்கோ ஒரு பெரிய எண் ஒளிந்திருக்கிறது, அதைத் தேடிப் பிடி என்று பொருள்.

சந்தை விலையிலும் இதே எச்சரிக்கை தேவை. குறைந்த விலையையும் கூடிய விலையையும் கூட்டி இரண்டால் வகுத்து, இதுதான் சந்தை விலை என்று பேசுகிறோம். ஒரே ஒரு உயர்ரகக் குவியல் அதிக விலைக்குப் போனாலும் அந்தக் கணக்கு ஏறிவிடும். மத்திய அரசு 2000ஆம் ஆண்டு தொடங்கிய அக்மார்க்நெட் விலைப் பட்டியலில், குறைந்த விலை, கூடிய விலை ஆகியவற்றோடு மூன்றாவதாக, பெரும்பாலான சரக்கு கைமாறிய விலையைத்தான் போடுகிறார்கள். முகடு என்று அதற்குப் பெயர். கொள்முதலுக்குக் கிளம்புமுன் பார்க்க வேண்டிய விலை அதுவே.

நடு எண்ணைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டியதில்லை. ஒரு மாதத்து நாள் விற்பனையைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுச் சீட்டை எடுங்கள். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் இருக்கும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். கடை சாத்தியபின் கால் மணி நேர வேலை.

இனி கேமரா நிதிக்கு வருவோம். கடைக்கு ஒரே தொகை என்பதை விட்டுவிட்டு, அவரவர் விற்பனையில் அரை நாள் என்று வைத்தால் என்ன? நடுக்கடைக்கு 2,500 ரூபாய், 3,000 ரூபாய் விற்கும் கடைக்கு 1,500, எங்களுக்கு 27,500. கூட்டிப் பாருங்கள், அதே 55,000 ரூபாய் வந்துவிடும். கேமரா எல்லோருக்கும் பொதுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் திருடன் வந்தால் அதிகம் பறிகொடுப்பது அதிகச் சரக்கு வைத்திருப்பவர் அல்லவா? மொத்த வியாபாரத்தில் நிற்கும் லாபம் விகிதத்தில் குறைவு என்பதும் நமக்குத் தெரியும். என்றாலும் ஒரு தடவை கொடுக்க எங்களால் முடியும். எங்கள் பங்கை 27,500 என்றே எழுதிக்கொள்ளும்படி செயலாளரிடம் சொல்லிவிட்டோம்.

மற்ற ஊர்ச் சங்கங்களிலும் சந்தா, கட்டட நிதி, விழா நிதி என்று தொகை நிர்ணயிக்கும் காலம் வரும். அப்போது சராசரியைச் சொல்பவரிடம், நடுக்கடை எவ்வளவு விற்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவருக்காக அந்தக் கேள்வியை மற்றவர்கள் கேட்பதற்குத்தான் சங்கம் என்று ஒன்று இருக்கிறது.