குதிரைக்குக் கவசம் கேட்பவர்கள் குதிரையை எங்கே வாங்குவார்கள்?

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு 2022 ஏப்ரலில் வெளிவந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கம், தென்னாட்டாருக்குத் 'திராவிடர்' என்ற தனி நாகரிகத்தை அளித்தது. அன்று தொடங்கிய புலம்பல் இன்னும் ஓயவில்லை. நைட் என்னும் கனத்த குதிரைவீரன் திராவிடருக்கு இல்லையாம். ஆகவே சோழனும் பாண்டியனும் அவமதிக்கப்பட்டார்களாம். சென்ற சனிக்கிழமை இரவு, கொண்டாப்பூரில் நாங்கள் நால்வர் தங்கியிருக்கும் வீட்டிலும் இந்த வழக்கு எழுந்தது. "நைட்டும் முழுக் கவசமும் கொடுத்திருந்தால் நம்மை யார் வெல்வது?" என்றார் நண்பர். அவரிடம் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நைட்டின் உயிர்ப்புள்ளி 100. கைகலப்புக் கவசம் 2, அம்புக் கவசம் 2. கொல்லர் பட்டறையில் ஸ்கேல் பார்டிங், செயின் பார்டிங் ஆகிய இரண்டு மேம்பாடுகளையும் பெற்றால் இவை ஒவ்வொன்றும் 4 ஆகும். செலவு 400 உணவு, 150 பொன். இரண்டு அம்பு மேம்பாடுகளைப் பெற்ற கிராஸ்போமேனின் தாக்குதல் 7. கவச மேம்பாடு இல்லாத நைட் அவனுடைய 20ஆம் அம்பில் விழும். மேம்பாடு பெற்ற நைட் 34ஆம் அம்பில்தான் விழும். இது பெரும் ஆதாயம், மறுக்கவில்லை.

இனி ஈட்டிக்கு வருவோம். பைக்மேனின் அடிப்படைத் தாக்குதல் 4. குதிரைக்கு எதிராகக் கூடுதல் 22. அந்த 22ஐப் பார்டிங் கவசம் தொடுவதே இல்லை. ஒரு குத்தின் சேதம் 24இலிருந்து 22ஆகக் குறைகிறது, அவ்வளவே. கவசத்துக்கு முன் ஐந்தாம் குத்தில் விழுந்த நைட், கவசத்துக்குப் பின்னும் ஐந்தாம் குத்தில்தான் விழுகிறது. 550 அலகு செல்வத்தைக் கொட்டியும் ஒரு குத்துகூட மிச்சமாகவில்லை. குதிரைக் கவசம் எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நம்பிக்கை, விளையாட்டின் விதிகளுக்குள்ளேயே தோற்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, 'வூட்ஸ் ஸ்டீல்' என்ற திராவிடரின் தனி நுட்பம், அவர்களுடைய காலாட்படையும் குதிரைப்படையும் தாக்கும்போது எதிரியின் கவசத்தையே இல்லாததாக்குகிறது. பிறர் கவசத்தைச் செல்லாக்காசாக்கும் எஃகைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கவசத்துக்கு ஏங்குவது என்ன நியாயம்?

அடுத்தது வரலாறு. தென்னாட்டு அரசனின் முதற்கவலை குதிரைக்கு எதைப் போர்த்துவது என்பதன்று. குதிரையே கிடைக்குமா என்பதுதான். பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் என்று விலை குறிக்கிறார். விசயநகரத்துச் சாளுவ நரசிம்மன், கடலில் செத்த குதிரையின் வாலைக் காட்டினாலும் விலை கொடுத்தான் என்கிறார் நூனிஸ். நம் பழங்கதையும் இதையே சொல்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய கருவூலப் பொன்னை வாதவூரர் கோயிலுக்குச் செலவிட, நரிகள் பரிகளாக வந்தன. அந்தக் கதையில் கவசம் எங்கே?

கவசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1520 வாக்கில் விசயநகரத்தைக் கண்ட பேஸ், பஞ்சு வைத்துத் தைத்த அங்கிகளையும் தோலும் இரும்புத் தகடும் சேர்ந்த கவசங்களையும் அணிந்த குதிரைவீரர்களை வருணிக்கிறார். வெயிலுக்கும் கைக்கும் ஏற்ற கவசம் அது. ஐரோப்பியப் பிரபுவின் தகட்டுக் கவசம் நம் பெருமைக்கு அளவுகோலாவது எப்படி?

விளையாட்டின் மெய்யான பிழை வேறிடத்தில் இருக்கிறது. எந்த மண்ணிலும், எந்த வெயிலிலும், 60 உணவும 75 பொன்னும் கொடுத்தால் லாயத்திலிருந்து நைட் புறப்பட்டு வருகிறது. கடல் இல்லை, கப்பல் இல்லை, வழியில் சாவு இல்லை. கவசம் ஏறினாலும் வேகம் குறைவதில்லை. கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்: திராவிடரின் குதிரை துறைமுகம் வழியே வரட்டும், கடல்வழியைக் காக்கத் தவறியவனின் லாயம் காலியாகட்டும். கடற்படை நாகரிகம் என்று பெயர் கொடுத்தவர்களுக்கு இது பொருந்தாத யோசனையா?

இது வெறும் விளையாட்டுச் சண்டை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அந்தக் குதிரைகளைக் கொண்டுவந்தவர்கள் அரபு வணிகர்களும் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளும். காயல் துறைமுகம் பாண்டியனின் அமைச்சரான தகியுத்தீன் அப்துர் ரகுமானின் பொறுப்பில் இருந்தது என்கிறார் வஸ்ஸாஃப். தகடு பூட்டிய தமிழ் நைட்டைக் கற்பனை செய்யும் கணத்தில் இவர்கள் அனைவரும் படத்திலிருந்து நீங்கிவிடுகிறார்கள். அந்தக் குதிரைப்படை பல கைகளால் ஆனது. அதைத் தனியொரு இனத்தின் வீரச்சிலையாக வடிப்பவர்கள், விளையாட்டு நிறுவனத்தைவிட அதிகமாக நம் வரலாற்றைச் சிதைக்கிறார்கள்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள். சான்றோடு எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை நான் திராவிடராகவே ஆடுவேன்; நண்பர் நைட்டுகளோடு வரட்டும். என் பைக்மேன்கள் காத்திருப்பார்கள்.