அவள் தோற்ற மறுநாள்

1954 பிப்ரவரியில் ஹமீதா பானு என்ற மல்லர் ஓர் அறிவிப்பு விடுத்தார். கோதாவில் தன்னை வீழ்த்துகிற ஆண் யாரோ, அவரையே மணந்துகொள்வதாக. பாட்டியாலாவிலிருந்து வந்தவர் தோற்றார். கல்கத்தாவிலிருந்து வந்தவரும் தோற்றார். மே மாதம் பரோடாவில் பாபா பஹல்வான் எதிரே இறங்கினார். 1 நிமிடம் 34 விநாடிகளில் பஹல்வானின் முதுகு மண்ணில் பட்டது.

தமிழ் மேடைக்காரர்களுக்கு இந்தப் பந்தயம் பழகிய கதை. மதுரையை ஆண்ட அல்லி அரசாணியும் ஆண்வாடையே ஆகாது என்று நின்றவள்தான். அர்ஜுனன் சூழ்ச்சி செய்து தாலி கட்டினான். அத்தோடு அவள் கதை அவன் கதைக்குள் அடங்கிவிட்டது. ஹமீதாவைப் பத்திரிகைகளில் ஏற்றிய பந்தயத்திலும் அதே முடிச்சு இருந்தது. தோற்றால் கல்யாணம், கதை தீர்ந்தது. வென்றாலோ, அடுத்த ஊரில் அதே காட்சி மறுபடியும். அவருக்கென்று ஓர் ஆசை, ஒரு பகை, ஒரு வளர்ச்சி எதுவும் அந்தப் பந்தயத்தில் இல்லை. அவ்வளவு பெயரெடுத்த வீராங்கனை பிற்காலத்தில் மும்பைக்கு அருகே கல்யாணில் பால் விற்றுப் பிழைத்தார்.

பெண் பாத்திரத்தை எழுதுவோருக்கான இந்த இதழில் மல்யுத்தத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். தொழில்முறை மல்யுத்தம் நாடகமேதான். முடிவு முன்பே தீர்மானமாகியிருக்கும். இடைப்பட்ட அசைவுகளில் பலவற்றை ஆடுபவர்கள் ரிங்குக்குள்ளேயே பேசி முடிவு செய்துகொள்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தில், ஒத்திகையே இல்லாமல் வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் மேடையில் சந்தித்து வள்ளி திருமணத் தர்க்கத்தை விடிய விடிய வளர்ப்பதும் இதே தொழில்நுட்பம். அங்கே ராஜபார்ட், கள்ளபார்ட்; இங்கே நல்லவரான ஃபேஸ், வில்லனான ஹீல்.

கவிதா தேவியின் கதை நம் காலத்தது. ஹரியானாவைச் சேர்ந்த அவர் 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பளுதூக்குதலில் தங்கம் வென்றவர். அதே ஆண்டு ஜலந்தரில், மல்லர் கிரேட் காளியின் பயிற்சிக்கூட மேடையில், பிபி புல்புல் என்ற வீராங்கனை கூட்டத்தைப் பார்த்துச் சவால் விட்டார். பார்வையாளர் வரிசையிலிருந்து சல்வார் கமீஸ் அணிந்த கவிதா எழுந்து ரிங்குக்குள் ஏறிச் சவால்விட்டவரைத் தூக்கி அடித்தார். அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணே ரிங்கில் ஏறியதுபோல் இருந்தது. உடையிலேயே பாத்திரம் பிறந்துவிட்டது. ஓர் அறிமுகக் காட்சியை இதைவிடச் சிக்கனமாக எழுத முடியாது.

2017இல் அவர் டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் மே யங் கிளாசிக் போட்டிக்குப் போனார். முதல் சுற்றில் டகோட்டா காயிடம் தோற்றார். அந்நிறுவனத்தின் 2018 ரெஸில்மேனியா நிகழ்ச்சியில் இருபது பேர் மோதிய ஆட்டத்தில் ஒருவராக நின்றார். 2021இல் நிறுவனத்திலிருந்து வெளியேறினார். தோற்றதில் குறையில்லை. தோற்ற மறுநாள் அவர் என்ன செய்தார் என்பதை யாரும் எழுதவில்லை, குறை அங்கேதான்.

எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அதே நிறுவனத்தின் வீராங்கனை பெக்கி லிஞ்ச் சாட்சி. 2018 ஆகஸ்ட் 19, புரூக்ளின். கைக்கெட்டிய பட்டத்தைத் தோழி சார்லட் ஃபிளேர் பறித்துக்கொள்ள, லிஞ்ச் அவரை அடித்து வீழ்த்தினார். இனி லிஞ்ச் ஹீல், கூட்டம் வெறுக்கும் என்பதுதான் எழுத்தாளர்களின் கணக்கு. அரங்கமோ ஆரவாரித்தது. எத்தனை காலம் ஓரமாய் நிறுத்தப்பட்டவர் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் கோபம் அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. கதைக்குழு அந்தக் குரலுக்கு மெல்ல மெல்ல இணங்கியது.

நவம்பர் 12 அன்று சக வீராங்கனை நியா ஜாக்ஸின் குத்து நிஜமாகவே லிஞ்சின் மூக்கை உடைத்தது. முகமெல்லாம் ரத்தம் வழிய, கூட்டத்தின் நடுவே அவர் கைவிரித்து நின்ற படம் எங்கும் பரவியது. ஆறே நாளில் ரோண்டா ரவுஸியுடன் நடக்கவிருந்த மோதல் கைவிடப்பட்டது. விபத்தால் நேர்ந்த அந்தத் தாமதமே கதைக்கு உரமானது. ஏறக்குறைய ஐந்து மாதம் ரசிகர்கள் அந்த மோதலுக்குக் காத்திருந்தார்கள். 2019 ஜனவரி 27 இரவு ஆசுகாவிடம் தோற்ற லிஞ்ச், அதே இரவு காயம்பட்ட இன்னொருவரின் இடத்தில் நுழைந்து ராயல் ரம்பிளை வென்றார். ஏப்ரல் 7 அன்று, 35ஆவது ரெஸில்மேனியாவின் இறுதி ஆட்டத்தில், முதல்முறையாகப் பெண்கள் மட்டுமே மோதினார்கள். வென்றவர் லிஞ்ச்.

நான்கே ஆண்டுக்கு முன்பு, 2015 பிப்ரவரியில், அதே நிறுவனம் நான்கு பெண்கள் மோதிய ஆட்டத்தை 30 விநாடியில் முடித்து அனுப்பியிருந்தது. ரசிகர்கள் சமூக வலைதளத்தில் கொதித்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் பெய்லியும் சாஷா பேங்க்ஸும் முழுதாக 30 நிமிடம் ஆடினார்கள். திறமையுள்ள பெண்கள் முன்பும் இருந்தார்கள். கடிகாரம்தான் அவர்களுக்குக் கிடைக்காமல் இருந்தது.

நேரத்தோடு ஈடான எதிரியும் வேண்டும். 1985இல் ஜப்பானின் ஒசாகாவில், ஆட்டத்தில் தோற்ற வீராங்கனை சிகுசா நாகயோவின் தலைமுடி மழிக்கப்பட்டபோது அரங்கிலிருந்த பள்ளிச் சிறுமிகள் கதறி அழுதார்கள். அழவைத்தது எதிரே நின்ற டம்ப் மட்சுமோட்டோவின் கொடூரம். கிட்டப்பாவுக்கு ஈடுகொடுத்துப் பாடி நின்ற கே.பி. சுந்தராம்பாளை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கம் மேடைக்கும் சின்னத்திரைக்கும் எழுதுகிறவர்கள் இதைத் தங்கள் பிரதியில் சோதித்துப் பார்க்கலாம். ஆடி மாத அம்மன் திருவிழா மேடையிலும் குடியிருப்புகளின் பொங்கல் விழாவிலும் ஏறுகிற பெண்ணுக்குப் பெரும்பாலும் எழுதப்படுவது ஓர் அழுகை, ஒரு சபதம், ஒரு கடைசிக் காட்சி வெற்றி. நடுவில் அவள் வளர்வதற்கு இடமே இருப்பதில்லை. செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகும் ரயிலில் ஏறினால் எட்டிவிடும் தொலைவில்தான், புஞ்சையரசந்தாங்கல் கட்டைக்கூத்துக் குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை பெண் பிள்ளைகள் பயின்றார்கள். ஆண் வேடங்களையும் கட்டி ஆடினார்கள். ஆட ஆள் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

அடுத்த பிரதியை ஒத்திகைக்குக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். கல்யாணத்தையும் குடும்பத்தையும் தாண்டி அவளுக்கு என்ன வேண்டும்? அவளுக்கு ஈடான எதிரி யார்? அவள் தோற்ற காட்சிக்கு அடுத்த காட்சி எது? மூன்றாவது கேள்விக்கு இடம் வெறுமையாக இருந்தால், அந்தக் காட்சியை எழுதிய பிறகு நடிகையை அழையுங்கள்.